கடலூரிலிருந்து கல் தேடல்: பிள்ளைகளோடு படிகம் பொறுக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று நான்கு பக்கமும் பார்த்தாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு மலை தெரியாது. ஊர் ஓரத்தில் கேப்பர் மலை இருக்கிறது. அதுவும் பெரிய செம்மண் மேடுதான். இங்கே இருந்துகொண்டு பிள்ளைகளோடு படிகக்கல் தேடப் போகிறேன் என்றதும், "அதுக்கு நீ சேலம் பக்கம் போகணும்ப்பா" என்றார் என் மாமா. 5 வருடம் ஆகிவிட்டது. வீட்டு முட்டை அட்டைகளில் இப்போது 200 கற்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலானவை காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுகிற தூரத்தில் கிடைத்தவை.

நம்மிடம் மலை இல்லை, ஆனால் மலையை இங்கே கொண்டுவந்து கொட்டும் ஆறுகள் இருக்கின்றன. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் புறப்பட்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை வழியாக வந்து கடலூருக்கு வடக்கே கடலில் சேர்கிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து சங்கராபரணி வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வருகிறது. வழியெல்லாம் பாறை உடைந்து, உருண்டு, தேய்ந்துகொண்டே வருகிறது. கருங்கல்லில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது தண்ணீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாகிவிடும். மைக்கா செதில் செதிலாகப் போய்விடும். கடைசி வரை தாக்குப்பிடித்து நம் ஊர் வரை வந்து சேர்வது குவார்ட்ஸ். நம் ஆற்று மணலில் பெரும்பங்கு அதுதான். ஊரில் வெங்கச்சாங்கல் என்று சொல்கிற வெள்ளைக் கல்லும் அதேதான். ஆற்றின் கடைசியில் வசிக்கிறவர்கள் தேடவேண்டியது இந்தக் கல்லை. இதை ஒழுங்காகப் பார்க்கப் பழகிவிட்டால் மற்ற கற்கள் தானாகப் பிடிபடும்.

முதல் வாரம்: வெளியே போகாதீர்கள்

அடுப்படியில் தொடங்குங்கள். கல் உப்பு ஒரு கைப்பிடி எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்பி, பிள்ளைகள் கையில் ஒரு லென்ஸைக் கொடுங்கள். கட்டம் கட்டமாக, பகடைக்காய் மாதிரியான உருவங்கள் தெரியும். சிலவற்றின் நடுவில் படிக்கட்டு போலக் குழிந்திருக்கும். அதை யாரும் செதுக்கவில்லை. உப்பின் அணுக்கள் உள்ளே வரிசை மாறாமல் அடுக்கிக்கொள்வதால் வெளியே அந்த வடிவம் வருகிறது. படிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள். அப்புறம் கற்கண்டைப் பாருங்கள், அதன் வடிவம் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் 6 வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

கண்ணாடி படிகம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். கண்ணாடியில் அணுக்கள் வரிசை இல்லாமல் உறைந்து நிற்கின்றன. ஆரோவில் மாத்ரிமந்திரின் உள்ளே இருக்கும் 70 செ.மீ. விட்டமுள்ள பெரிய உருண்டையைப் பலரும் கிரிஸ்டல் என்கிறார்கள். உண்மையில் அது கண்ணாடி. இதனால் அதன் அழகு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கல் தேடுகிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நான் தொடக்கத்தில் ஒரு கடையில் "இமயமலைப் படிகம்" என்று வாங்கி வந்த கல்லை என் மகள் லென்ஸ் வைத்துப் பார்த்து, "அப்பா, உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழ் இருக்கு" என்றாள். பளிச்சென்று உருண்டையான குமிழ்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் வார்த்த கண்ணாடிதான்.

பிறகு ஒரு படிகத்தை வளர்த்துப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கேட்டால் கொடுப்பார்கள். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே, அதுவேதான். 200 மில்லி சுடுதண்ணீரில் 60 கிராம் பொடித்த படிகாரத்தைக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் அசையாமல் வையுங்கள். மறுநாள் அடியில் சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கும். அவற்றில் ஓரம் உடையாத ஒன்றை எடுத்து மெல்லிய நைலான் நூலில் கட்டுங்கள். மிச்சக் கரைசலை மறுபடி வடிகட்டி, அதில் அந்தப் படிகத்தை நடுவாகத் தொங்கவிட்டு, மேலே ஒரு காகிதத்தால் மூடுங்கள். இரண்டு வாரத்தில் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிய மாதிரி எட்டு முகம் கொண்ட ஒரு கல் வளர்ந்திருக்கும். மழைக்காலத்தில் நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், தண்ணீர் வற்றாது. ஆகவே தை மாதத்துக்கு மேல் செய்யுங்கள். குவளையின் மேல் "குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: தெருமுனை ஜல்லிக் குவியல்

பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எந்தத் தெருவிலும் ஒரு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள், வாசலில் ஜல்லி கொட்டிக் கிடக்கும். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு பிள்ளைகளோடு குவியலின் ஓரமாக உட்காருங்கள். ஆற்றுக்கல் தேய்ந்து மங்கிப்போயிருக்கும். ஜல்லி இப்போதுதான் உடைத்தது, உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும்.

கல்லை வெயிலில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் மட்டும் சின்னக் கண்ணாடி போல மின்னுகிற தட்டையான முகம் வந்தால் அது ஃபெல்ட்ஸ்பார். எந்தப் பக்கம் திருப்பினாலும் எண்ணெய் தடவின மாதிரி மங்கலாக மினுங்கி, தட்டையான முகமே இல்லாமல் சிப்பியின் உட்புறம் போல வளைந்து உடைந்திருந்தால் குவார்ட்ஸ். கறுப்பாக, நகத்தால் நெம்பினால் செதிலாக உரிந்து வருவது மைக்கா. அதற்கு நம் ஊர்ப் பெயர் காக்காப்பொன். மாதுளை முத்து நிறத்தில் உருண்டையாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் கார்னெட். முதல் கார்னெட்டைப் பார்த்த அன்று என் மகன் குவியலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எண்ணெய்ப் பசை ஓடிய பச்சை கலந்த கருநிறத்தில் ஒரு கல் அடிக்கடி வரும். அது சார்னோக்கைட். சென்னை பல்லாவரத்துக் கல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருப்பதும் இதே வகைதான் என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், சார்னோக்கின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். அதில் உள்ள குவார்ட்ஸ் சிலசமயம் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். உலகம் முழுக்கப் புவியியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர் கொண்ட கல் நம் தெருவில் ஜல்லியாகக் கிடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் பையில் ஒரு துண்டு போகும்.

எடுத்துப் போகவேண்டியவை

அதிகம் வேண்டாம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஆளுக்கு ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைச் சமாளிக்க முடியாது. மண்வாரி, ஒரு சல்லடை, தண்ணீர் தெளிக்க ஒரு பாட்டில் (நனைந்த கல்லில்தான் நிறம் தெரியும்), பழைய பல்துலக்கும் பிரஷ், துணிப்பை, செய்தித்தாள், மார்க்கர் பேனா, ஒரு சின்னக் காந்தம், ஓர் இரும்பு ஆணி. தொப்பியும் குடிதண்ணீரும் சொல்லத் தேவையில்லை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

சுத்தியல் எடுத்துப் போனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அடிப்பவர் மட்டும் போட்டால் போதாது, பக்கத்தில் நிற்பவரும் போட வேண்டும். குவார்ட்ஸ் உடையும்போது சில்லு கண்ணாடி மாதிரியே தெறிக்கும். கல்லை ஈரத்துணியில் சுற்றி அடித்தால் தூசியும் குறையும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. என்னைக் கேட்டால் 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் சுத்தியலே வேண்டாம். நம் பக்கத்தில் பொறுக்குவதற்கே நிறைய இருக்கிறது.

எப்போது, எங்கே

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் போனால் காலை 6 மணிக்கு இறங்கி 9 மணிக்கு ஏறிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பக்கமே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் எப்படி வந்தது என்று கடலூரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நம் ஊரில் மழையே இல்லாத நாளிலும் மேலே அணை திறந்தால் இங்கே தண்ணீர் வரும். ஆனால் வெள்ளம் வடிந்து ஆறு நன்றாகக் காய்ந்த பிறகு, புரட்டிப்போட்ட புதுக் கற்கள் மேலே கிடக்கும். ஆண்டின் சிறந்த தேடல் அப்போதுதான்.

தென்பெண்ணை. கடலூர்ப் பக்கம் வெறும் மணல். கல் வேண்டுமானால் ஆற்றோடு மேலே போக வேண்டும். திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவிலூர் பக்கம் போகப் போகக் கூழாங்கல் பெரிதாகும். திருக்கோவிலூரில் ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. பாரி மகளிரைக் கரைசேர்த்த பிறகு கபிலர் உயிர் விட்ட இடம் என்று சொல்லப்படும் பாறை. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "இந்த மாதிரிப் பாறையிலிருந்து வந்ததுதான் உன் கையில் இருக்கிற கல்" என்று சொல்லலாம். அந்தப் பாறையில் கை வைக்காமல், கரையோரச் சரளையில் தேடுங்கள். பால்வெள்ளைக் குவார்ட்ஸ் ஏராளம். ஓரம் ஒளி ஊடுருவுகிற துண்டு பத்தில் ஒன்று வரும். இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரும், வரிவரியான நைஸ் கல்லும் கிடைக்கும். முழுசாக ஆறு பட்டை உள்ள படிகம் ஆற்றில் எதிர்பார்க்காதீர்கள். உருண்டு வந்ததில் முனை போயிருக்கும். எங்களுக்கு 5 வருடத்தில் பட்டை தெரிகிற மாதிரி மூன்றுதான் கிடைத்தன. மூன்றுமே பெரிய வெங்கச்சாங்கல்லின் பொந்துக்குள் ஒளிந்திருந்தவை. ஆகவே ஓட்டையுள்ள வெள்ளைக் கல்லை எறிந்துவிடாதீர்கள், ஓட்டைக்குள் பாருங்கள்.

மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. மேலே முழங்கால் ஆழம் மாதிரி தெரியும், உள்ளே ஆள் மூழ்கும். கைவிட்ட கல் குவாரிக்கும் இதையே சொல்வேன். கல்லைப் புரட்டும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தில் கை விடாதீர்கள். ஒரு குச்சியால் நெம்பி, கல் உங்களுக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவில் மறைப்பாக நிற்கிற மாதிரித் தூக்குங்கள். தேள் இருந்தால் எதிர்ப்பக்கமாக ஓடும்.

செம்மண் மேடுகள். கேப்பர் மலை, பண்ருட்டி முந்திரித் தோப்புகள், ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகள் எல்லாமே ஒரே மணற்பாறை. உலகப் புவியியல் நூல்களில் இதற்குக் கடலூர் மணற்பாறை என்றுதான் பெயர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும் இதுவே. பழைய ஆறுகள் கொண்டுவந்து போட்ட வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் இந்தச் செம்மண்ணில் பதிந்திருக்கும். மழை அரித்த ஓடைகளில் அவை கழுவிவிட்ட மாதிரி வெளியே நிற்கும். கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது, அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தோப்பு என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பண்ருட்டியில் ஒரு முந்திரித் தோப்பில் அனுமதி கேட்கப் போன எங்களுக்கு மோர் கொடுத்து, "ஏர் ஓட்டும்போது வந்த கல் எல்லாம் வரப்புல போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க" என்றார் ஒரு பெரியவர். எங்களிடம் உள்ளதில் மிகத் தெளிவான வெள்ளைக் கல் அந்த வரப்பில் கிடைத்ததுதான்.

வெள்ளி கடற்கரை. பெரிய அலை அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் தேவனாம்பட்டினம் போங்கள். மணலில் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். கனமான தாதுக்கள் மட்டும் தங்கி, லேசான குவார்ட்ஸை அலை இழுத்துப் போனதால் வந்த கோடு அது. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அதன் மேல் காட்டினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது மீசை மாதிரி ஒட்டும். பையை உருவினால் கொட்டிவிடும். ஒட்டாமல் நிற்கிற கறுப்பில் இல்மனைட் நிறைய இருக்கும். நடுவே ஒயின் நிறத்துப் பொடி தெரிந்தால் கார்னெட். லென்ஸில் பாருங்கள், நகைக்கடையைக் கொட்டிவைத்த மாதிரி இருக்கும். இந்தத் தாது மணல் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆகவே அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

எடுக்கவே கூடாத இரண்டு இடங்கள்

அவசியம் போகவேண்டிய இடங்களும் இவைதான்.

புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் திருவக்கரை கல்மரப் பூங்கா. 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இல் சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதினார். 1940 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது. கிளையோ, வேரோ, பட்டையோ இல்லாத அடிமரங்களாக இருப்பதால், வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு இங்கே புதைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். புதைந்த மரத்துக்குள் தண்ணீரோடு சிலிக்கா இறங்கி, மரத்தை அணு அணுவாக நிரப்பிவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆண்டு வளையம் தெரியும், கணு தெரியும். ஆனால் தொட்டால் குளிர்ந்த கல். ஆற்றில் நீங்கள் பொறுக்கிய வெங்கச்சாங்கல்லும் இந்த மரமும் ஒரே சிலிக்காதான். ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சுற்றியுள்ள வயல்களில் கிடக்கும் துண்டுக்கும் நாங்கள் அதே விதியைத்தான் வைத்திருக்கிறோம்: படம் எடுப்போம், நோட்டில் வரைவோம், அங்கேயே விட்டுவிடுவோம்.

இன்னொன்று அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், 2,000 ஆண்டுக்கு முன்பு கார்னெட், செவ்வந்திக்கல், அகேட், கார்னீலியன், படிகம் எல்லாவற்றையும் மணியாகக் கோத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர். 1930களில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் உள்ளூர்ப் பிள்ளைகளிடமிருந்து மணிக்கற்களை வாங்கினார். அதிலிருந்துதான் இந்த இடத்தின் பெருமை வெளியே வரத் தொடங்கியது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம். மழைக்குப் பிறகு தரையில் மணி கண்ணில் பட்டாலும் எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, ஒரு மணி எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது; சட்டைப் பைக்குள் போட்ட நொடியில் அந்தக் கதை போய்விடும். மணிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இவை தவிர, காப்புக்காடு எதிலும் கல் எடுக்காதீர்கள்.

என்ன கல் என்று கண்டுபிடிப்பது

வீட்டுத் திண்ணையே ஆய்வுக்கூடம். முதலில் கடினம் பார்ப்போம். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த அளவில் மாக்கல் 1, வைரம் 10. நகத்தின் கடினம் சுமார் 2.5, கண்ணாடி 5.5, குவார்ட்ஸ் 7. ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில் கல்லின் முனையை அழுத்திக் கோடு போடுங்கள். கோடு விழுந்து, தண்ணீர் விட்டுத் தேய்த்தும் போகவில்லையென்றால் கல் கண்ணாடியைவிடக் கடினமானது. வெள்ளையாக இருந்து கண்ணாடியில் கோடு போடாமல், ஆணியால் கீறினால் கீறல் விழுகிற கல்லாக இருந்தால் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாதுவாக இருக்கலாம். அதைக் கொஞ்சம் பொடித்து இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது தூள் நிறம். டைல்ஸின் பளபளப்பு இல்லாத பின்பக்கத்தில் கல்லைத் தேயுங்கள். கறுப்பாகத் தெரிகிற ஹெமடைட் என்ற இரும்புத் தாது செங்காவி நிறத்தில் கோடு போடும். மேக்னடைட்டின் கோடு கறுப்பாகவே இருக்கும். வெளி நிறத்தை நம்பாதே என்பதைப் பிள்ளைகள் இந்த ஒரு சோதனையில் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. கைக்கு அடக்கமான இரண்டு வெங்கச்சாங்கல் எடுத்துக்கொண்டு இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பிறகு இரண்டையும் அழுத்தி உரசுங்கள். கல்லுக்குள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு ஒளி விட்டு விட்டுத் தெரியும், கருகின மாதிரி ஒரு வாசனையும் வரும். உரசும்போது படிகம் முறிந்து வருகிற ஒளி அது. சேலம் போகச் சொன்ன மாமாவே இதைப் பார்த்த அன்று "இன்னொரு தடவை" என்று மூன்று முறை கேட்டார்.

கழுவி, எண் போட்டு

கல்லை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி வேலை முடிந்தது. செம்மண் கறை போகாத குவார்ட்ஸை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் நாலைந்து நாள் போட்டுவையுங்கள். கால்சைட்டை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், கரைந்துவிடும். ஒன்றிரண்டை மெருகேற்ற ஆசை வந்தால் பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் 120, 220, 400, 600, 1000 என்று வாங்கி, தண்ணீர் விட்டபடி அந்த வரிசையில் தேய்க்கலாம். குவார்ட்ஸுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை.

எண் போடுவதை அன்று இரவே செய்யுங்கள். முதல் வருடம் நாங்கள் செய்யவில்லை. இன்றும் ஒரு பெரிய டப்பா நிறைய நல்ல கற்கள் இருக்கின்றன, எந்த ஆறு, எந்த ஓடை என்று யாருக்கும் தெரியாது. இப்போது கல்லின் அடியில் ஒயிட்னரால் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் எண் எழுதுகிறோம். நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே தேதி, இடம், எடுத்தவர் பெயர், என்ன கல் என்று அன்று நினைத்தோம் என்பது. கடைசியில் சொன்னதைப் பென்சிலில் எழுதுங்கள், மாறும். ஓர் ஆளுக்கு ஒரு பயணத்துக்கு ஐந்து கல் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மிச்சத்தை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்று பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து முடிவு செய்கிற அந்த அரைமணி நேரத்தில்தான் ஒவ்வொரு கல்லையும் உண்மையாகவே பார்க்கிறார்கள்.

இரண்டு மூன்று வருடம் இப்படிப் போன பிறகு, பள்ளி விடுமுறையில் மேற்கே ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு போல வெளுத்த சேலத்து மேக்னசைட் மேடுகளைச் சாலையோரம் நின்று பாருங்கள். சந்திரயானுக்காக நிலவு மண் போலத் தயாரிக்கப் பயன்பட்ட அனார்த்தோசைட் பாறை, நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியுடையது. மூன்ஸ்டோன் கிடைக்கும் காங்கேயத்தில் கல் பட்டை தீட்டுகிற பட்டறைகளில் வேலையைப் பார்க்கலாம். போகும்போது உங்கள் தென்பெண்ணைக் கற்களில் நல்லது ஒன்றைக் கையில் எடுத்துப் போய், பட்டறைக்காரரிடம் காட்டி என்ன கல் என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.